ஃபோர்டு 302 இன்ஜினுக்கு ஹார்மோனிக் பேலன்சர் தேர்ந்தெடுத்த அனுபவம்

இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது நம் பணமும் கவனமும் பிஸ்டன், ரிங், பேரிங், கேம் ஷாஃப்ட் என்று உள்ளே இருப்பவற்றுக்கே போகின்றன. கிராங்கின், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டின், முன்மூக்கில் மாட்டியிருக்கும் ஹார்மோனிக் பேலன்சர் என்ற அந்த வட்டமான கனத்த இரும்பை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, அப்படியே திரும்ப மாட்டிவிடுகிறார்கள். அல்லது கடையில் காரின் வருடத்தைச் சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டுமே ஆபத்தான பழக்கம். தவறான பேலன்சர் நல்ல கிராங்கையும் புது பேரிங்கையும் தின்றுவிடும். அப்படித் தின்னப்பட்ட ஓர் இன்ஜின் என் கைக்கு வந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். இங்கே பழைய வண்டிகளைக் காரேஜில் வைத்துச் சொந்தக் கையால் சீர்செய்வது பலருக்குப் பழக்கம். நான் வாங்கியது 1970ஆம் வருட மஸ்டாங், 302 கன அங்குல வி8 இன்ஜின், கையால் கியர் மாற்றும் வண்டி. விற்றவர் இன்ஜின் வேலை முடிந்து அதிக நாள் ஆகவில்லை என்றார். அது உண்மைதான், ஆயில் சுத்தமாக இருந்தது, கம்ப்ரஷனும் எட்டு சிலிண்டரிலும் நன்றாக வந்தது. ஆனால் வண்டி நடுங்கியது. மெதுவான ஓட்டத்தில் லேசாகத் தெரியும். நிமிடத்துக்கு 2500 சுற்றைத் தாண்டினால் ஸ்டீயரிங், கியர் லீவர், கண்ணாடி எல்லாம் அதிரும்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரிப்பதுதான் முதல் வேலை. வண்டியின் வேகத்தோடு சேர்ந்து கூடினால் டயர், வீல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து கூடினால் இன்ஜின் பக்கம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றிப் பார்த்தேன், அதே நடுக்கம். கிளட்சை மிதித்தும் பார்த்தேன், குறையவில்லை. ஒரு சிலிண்டர் எரியாமல் போனாலும் இன்ஜின் ஆடும். ஆனால் அந்த ஆட்டம் மெதுவான ஓட்டத்தில்தான் பெரிதாகத் தெரியும், சுற்று ஏற ஏற மறையும். எடைச் சமன் தவறினால் நேர் எதிர். சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். என் வண்டியில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

இன்ஜினை இறக்கி பிளாக்கின் மேலிருந்த அழுக்கைச் சுரண்டியபோது விஷயம் புரிய ஆரம்பித்தது. ஃபோர்டின் வார்ப்பு எண்களுக்கு ஒரு முறை உண்டு. முதல் எழுத்து பத்தாண்டைக் குறிக்கும்: சி என்றால் 1960கள், டி என்றால் 1970கள், இ என்றால் 1980கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டில் எந்த வருடம் என்பது. 1970 வண்டியின் பிளாக்கில் டி-யும் பூஜ்யமும் வரும், அல்லது 60களின் சி வரும் என்று எதிர்பார்த்தேன். அங்கே இருந்தது இ-யும் ஏழும். அதாவது 1987ஆம் வருட வடிவமைப்பு. யாரோ பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு 80களின் 5.0 லிட்டர் (அதே 302தான், லிட்டர் கணக்கில்) இன்ஜினைப் போட்டிருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. இங்கே மிகவும் வழக்கமான மாற்றம் அது, ரோலர் கேம் கிடைக்கிறது. ஆனால் அந்த இன்ஜினோடு சேர்ந்து ஒரு விதி வருகிறது. அதை முன்பு வேலை செய்தவர்கள் கவனிக்கவில்லை.

அந்த விதியைச் சொல்வதற்கு முன் பேலன்சர் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

அது இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தப்பான பொருளை வாங்குகிறோம்.

முதல் வேலை முறுக்கு அதிர்வைத் தணிப்பது. சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கிராங்கை ஓங்கித் தள்ளுகிறது. அந்த நொடியில் கிராங்க் ஈரத்துணியைப் பிழிவதுபோல் மிகச் சிறிய அளவு முறுகி, பிறகு திரும்புகிறது. எட்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 200 தள்ளு, 6000 சுற்றில் 400. கிராங்குக்கு என்று ஓர் இயல்பான அதிர்வெண் இருக்கிறது. இந்தத் தள்ளுகளின் தாளம் அதனோடு ஒத்துப்போகும் சுற்றில் முறுக்கு பெருகிக்கொண்டே போகும். நாளடைவில் கிராங்கில் விரிசல் விழும், டைமிங் செயின் அடிவாங்கும், கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் போல்ட்டுகள் தளரும். இதைத் தடுக்கத்தான் பேலன்சரின் நடு ஹப்புக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ரப்பர் வைத்திருக்கிறார்கள். ஹப் கிராங்கோடு சேர்ந்து முறுகும்போது கனத்த வெளி வளையம் தன் எடையால் பின்தங்கும். நடுவில் மாட்டிய ரப்பர் நெளிந்து, அந்த அதிர்வைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் முறுக்கு அதிர்வைத் தணிக்கும் சாதனத்தை உருவாக்கியதிலிருந்து வந்த யோசனை இது. முறுக்கு அதிர்வை ஓட்டுபவர் பெரும்பாலும் உணரவே மாட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே கிராங்க் களைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வேலை எல்லா இன்ஜினிலும் இல்லை. சில இன்ஜின்களில் பிஸ்டன், அதைக் கிராங்கோடு இணைக்கும் ராட் ஆகியவற்றின் எடைகளைச் சமன்செய்யும் எதிர் எடை முழுவதும் கிராங்கிலேயே இருக்கும். அதை உள் சமன் என்பார்கள். அப்படிப்பட்ட இன்ஜினுக்கு வரும் பேலன்சர் எந்தப் பக்கமும் எடை கூடாமல் சரிசமமாக இருக்கும். வேறு சில இன்ஜின்களில் எதிர் எடையின் ஒரு பகுதியை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். முன்னால் பேலன்சரில் கொஞ்சம், பின்னால் ஃப்ளைவீலில் கொஞ்சம். இதுதான் வெளிச் சமன். ஃபோர்டு 302 இந்த வகை. பேலன்சரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் மட்டும் இரும்பு திரண்டு நிற்பது தெரியும்.

அந்தத் திரட்சியை அவுன்ஸ்-இன்ச் என்ற அளவில் சொல்வார்கள். எடையையும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தையும் பெருக்கி வருவது. மையத்திலிருந்து ஓர் அங்குலத்தில் 28 அவுன்ஸ் இருந்தாலும், இரண்டு அங்குலத்தில் 14 அவுன்ஸ் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான், 28 அவுன்ஸ்-இன்ச்.

இப்போது அந்த விதிக்கு வருகிறேன். 1968இல் வந்த 302 இன்ஜினுக்கு வெளிச் சமன் 28 அவுன்ஸ்-இன்ச். 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு கிராங்கின் எடையைக் குறைத்தது, கிராங்கில் குறைந்த எதிர் எடையை வெளியே கூட்டியது. அதிலிருந்து 90களின் நடுப்பகுதியில் இந்த இன்ஜின் மஸ்டாங்கிலிருந்து விடைபெறும் வரை 50 அவுன்ஸ்-இன்ச். இன்ஜினின் கொள்ளளவு ஒன்றே, பிளாக்கின் தோற்றம் ஒன்றே, கிராங்க் மூக்கின் அளவும் ஒன்றே. 28க்கான பேலன்சர் 50 கிராங்கில் தடையே இல்லாமல் ஏறி உட்காரும். பொருத்துபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

என் வண்டியில் நடந்திருந்தது அதுதான். பின்னால் ஃப்ளைவீல் 50, அது 80களின் இன்ஜினோடு வந்தது. முன்னால் பேலன்சர் 28, அது 1970 வண்டியின் கணக்கில் வாங்கியது. வித்தியாசம் 22 அவுன்ஸ்-இன்ச். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3000 சுற்றில் அது கிராங்கின் முன்மூக்கை ஏறக்குறைய 160 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒவ்வொரு சுற்றிலும் சுழற்றிச் சுழற்றி இழுக்கிறது. 6000 சுற்றில் 640 கிலோ. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் முதலாவதைக் கழற்றிப் பார்த்தபோது மேல் பூச்சு தேய்ந்து அடியில் செம்பு நிறம் தெரிந்தது. பின்பக்கத்து பேரிங்குகள் புதிது போலவே இருந்தன. தேய்மானம் ஒரே பக்கமாக, முன்னால் மட்டும். பேரிங்கைப் பார்த்தே காரணத்தை ஊகித்துவிடலாம். அதனால் இன்ஜினைப் பிரிக்கும்போது பழைய பேரிங்குகளை எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வரிசையாக வைப்பதை நான் விடுவதே இல்லை. பலர் நேரே குப்பையில் போட்டுவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

முன்பு வேலை செய்தவர் ஏன் 28ஐ மாட்டினார் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். வெறும் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. 1970 வண்டியின் முன் டைமிங் கவர், வாட்டர் பம்ப், வி-பெல்ட் புல்லிகள் எல்லாம் பழையவை. 80களின் இன்ஜினில் எல்லாவற்றையும் ஒரே அகலமான பெல்ட் சுற்றும், வாட்டர் பம்ப் எதிர்த் திசையில் சுழலும். பழைய ரேடியேட்டரோடும் புல்லிகளோடும் பொருந்த வேண்டும் என்று பழைய கவரைப் போட்டிருக்கிறார். தீப்பொறி விழும் நேரத்தைப் பார்க்க உதவும் டைமிங் பாயிண்டர் பழைய கவரில் இருக்கும் இடம் வேறு, எனவே அந்த முள்ளுக்கு நேரே வர வேண்டிய டைமிங் கோடுகள் ஒத்துப்போகும் பழைய பேலன்சரையும் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பொருந்தியது. தெரியாத ஒன்று பொருந்தவில்லை.

கடையிலும் இதே வலைதான் காத்திருந்தது. உதிரிபாகக் கடைக் கவுன்ட்டரில் முதல் கேள்வியே வருடம், கம்பெனி, மாடல். 1970, ஃபோர்டு, மஸ்டாங் 302 என்று சொன்னால் கம்ப்யூட்டர் 28ஐக் காட்டும். கம்ப்யூட்டர் சொல்வது அந்த வண்டிக்குச் சரி, என் இன்ஜினுக்குத் தப்பு. 1988 மஸ்டாங் 5.0 லிட்டர் என்று கேட்டால் 50 வரும். எடை சரி, ஆனால் டைமிங் கோடுகள் என் கவரின் பாயிண்டருக்கு ஒத்துவராது. ஆக ஒரு காரின் பெயரைச் சொல்லி வாங்கவே முடியாத நிலை. இன்ஜின் மாற்றிய எந்தப் பழைய வண்டிக்கும் இந்த நிலை வரும். கிராங்குக்கு எவ்வளவு எதிர் எடை, முன் கவரில் பாயிண்டர் எங்கே, புல்லிக்கு எத்தனை போல்ட், எந்த அளவு வேகத்தில் ஓட்டப்போகிறோம், இவற்றைச் சொல்லித்தான் தேட வேண்டும்.

புல்லி போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 302இல் 1960களின் பேலன்சர்களுக்கு மூன்று போல்ட், 1970லிருந்து நான்கு. என் புல்லிகள் நான்கு போல்ட் வகை, அதனால் தப்பித்தேன். 60களின் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முதலில் எண்ணிவிட்டு வாங்கவும். அதோடு, புல்லி உட்காரும் முகம் எவ்வளவு முன்னால் வருகிறது என்பதும் பேலன்சருக்குப் பேலன்சர் மாறும். நேரான ஓர் இரும்புப் பட்டையை வாட்டர் பம்ப் புல்லியின் மேல் வைத்து கிராங்க் புல்லியோடு ஒத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் நடுவில் ஸ்பேசர் தகடு வைக்கலாம்.

மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர் அனுபவம் மிகுந்த பெரியவர். கிராங்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனபோது அவர் அதை வாங்கவே இல்லை. பிஸ்டன், ராட், ரிங், பேரிங், ஃப்ளைவீல், போடப்போகும் புது பேலன்சர், எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு வரச் சொன்னார். அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. வி8 கிராங்கைச் சமன்செய்யும்போது ராட் மாட்டும் ஒவ்வொரு கிராங்க் பின்னிலும் ஒரு போலி எடையைக் கட்டிச் சுழற்றுவார்கள். ராட்டின் பெரிய முனை, பேரிங் போன்ற சுழலும் எடை முழுவதும், பிஸ்டன், பிஸ்டன் பின், ரிங் போன்ற மேலும் கீழும் போகும் எடையில் பாதியும் சேர்ந்தது அந்தப் போலி எடை. உள் சமன் இன்ஜின் என்றால் கிராங்க் மட்டும் போதும். வெளிச் சமன் என்றால் பேலன்சரும் ஃப்ளைவீலும் மாட்டிய நிலையில்தான் சுழற்ற முடியும். எனவே பேலன்சரைக் கடைசியில் வாங்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. மெஷின் ஷாப்புக்குப் போகும் முன்பே அது கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு யோசனை வந்தது, முழு உள் சமனுக்கே மாறிவிட்டால் என்ன என்று. கிராங்கின் எதிர் எடைகளில் துளை போட்டு, இரும்பைவிட வெகு கனமான டங்ஸ்டன் கலவைத் துண்டுகளை அடித்து இறக்கினால் வெளி எடையே தேவையில்லை. முன்னும் பின்னும் சரிசம எடையுள்ள பேலன்சர், ஃப்ளைவீல் போடலாம். அதிக சுற்றில் ஓடும் பந்தய இன்ஜினுக்கு அது நல்ல வழி, ஏனென்றால் வெளியே தொங்கும் எடை கிராங்கின் முனைகளை வளைக்கப் பார்க்கும். ஆனால் டங்ஸ்டன் விலை அதிகம், வேலைக்கூலியும் அதிகம். 5500 சுற்றைத் தாண்டாமல் தெருவில் ஓட்டப்போகும் வண்டிக்கு அந்தப் பணத்தை நல்ல பிரேக்கில் போடுவது மேல் என்று பெரியவரும் சொன்னார், எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. 50ஆகவே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 302ஐ 347 கன அங்குலமாகப் பெரிதாக்கும் கிட்டுகள் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த கிராங்குகள் 28, 50, உள் சமன் என்று மூன்று விதமாகவும் விற்கப்படுகின்றன. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் மாட்டக் கூடாது.

சரி, 50 என்பது முடிவாயிற்று. அடுத்து எந்த வகை?

பழைய கம்பெனிப் பேலன்சர் போலவே ரப்பர் ஒட்டிய, வார்ப்பிரும்பு வளையம் உள்ள மாற்றுப் பொருள்தான் விலை குறைவு. சாதாரண ஓட்டத்துக்கு இது போதும் என்பது என் கருத்து. நல்ல கம்பெனிப் பொருளாகவும் புதிதாகவும் மட்டும் இருக்க வேண்டும். பழைய இரும்புக் கிடங்கில் கிடைக்கும் முப்பது வருட பேலன்சரை நான் வாங்க மாட்டேன். ரப்பருக்கு வயது உண்டு. எண்ணெயும் சூடும் பட்டு அது கெட்டியாகும், வெடிக்கும், பிதுங்கி வெளியே வரும், கடைசியில் பிடியை விட்டுவிடும். பிடி விட்டதும் வெளி வளையம் ஹப்பின் மேல் நழுவி நகரும். டைமிங் கோடு அந்த வளையத்தில்தான் இருக்கிறது. வளையம் பத்து டிகிரி நகர்ந்தால் டைமிங் லைட் பத்து டிகிரி பொய் சொல்லும். வெளிச் சமன் எடையும் வளையத்தில் இருக்கும் வகை என்றால் சமனும் போயிற்று. சில சமயம் வளையம் முழுவதும் கழன்று ரேடியேட்டரைக் கிழித்த கதைகளும் உண்டு.

அடுத்த படி, எஃகு வளையம் கொண்ட, எஸ்எஃப்ஐ 18.1 என்ற பாதுகாப்புத் தரச் சான்று பெற்றவை. அதிவேகச் சுழற்சியில் சிதறாமல் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் சான்று அது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ, கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்கும் விரைவாகவோ ஓடும் வண்டிகளுக்கு இந்தச் சான்றுள்ள பேலன்சரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பந்தயத்துக்குப் போகாதவருக்குக் கட்டாயமில்லை என்றாலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். விலை வித்தியாசம் பெரிதில்லை. முழு வட்டத்துக்கும் டிகிரி பொறித்திருப்பதால் வால்வு சரிசெய்யவும் டைமிங் பார்க்கவும் வெகு வசதி. சிலவற்றில் எதிர் எடையைத் தனித் துண்டாக போல்ட் போட்டிருப்பார்கள், நாளைக்கு உள் சமனுக்கு மாறினால் கழற்றிவிடலாம்.

இதற்கு மேலே ரப்பருக்குப் பதில் கெட்டியான சிலிக்கோன் திரவத்தில் உள்வளையம் மிதக்கும் வகை ஒன்று. ஃப்ளூயிடாம்பர் என்ற கம்பெனி இதற்குப் பெயர்போனது. ரப்பர் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு என்று பதம் பார்த்துச் செய்யப்படுவது. திரவ வகை பரந்த சுற்று எல்லையில் வேலை செய்யும். இன்ஜினில் பெரிய மாற்றங்கள் செய்து, கிராங்கின் இயல்பான அதிர்வெண்ணே மாறிப்போனவர்களுக்கு இது பொருத்தம். லாரிகளிலும் பஸ்களிலும் இருக்கும் நீளமான ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்களின் முன்னால் தட்டையான டப்பா போல ஒன்று இருக்குமே, அதில் பலவும் இதே வகைதான். அதன் உறையில் சுத்தியல் அடிபட்டு ஒரு நசுங்கல் விழுந்தால்கூட உள்வளையம் இறுகிப் பயனற்றுப் போய்விடும். அதை நெம்புகோல் வைத்துத் திருப்புகிறவர்களைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.

எடை குறைக்கிறோம் என்று தணிப்பே இல்லாத வெறும் அலுமினிய ஹப் அல்லது புல்லியை மாட்டுவதும் நடக்கிறது. இன்ஜின் சட்டென்று சுற்றேறுவதாகத் தோன்றும். தெரு வண்டிக்கு அதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

செவர்லே வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. நண்பர் ஒருவர் தன் டிரக்கின் 350 இன்ஜினைக் கட்டும்போது என்னிடம் வந்து, “அண்ணே, எட்டு அங்குலப் பேலன்சர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிடவா?” என்று கேட்டார். திருப்பிப் பார்த்தால் பின்னால் எடைத் திரட்சி இருந்தது, அது 400 கன அங்குல இன்ஜினுக்கானது. செவர்லேயின் சிறிய பிளாக் வரிசையில் 400 மட்டும் முன்னும் பின்னும் வெளிச் சமன். 350க்கு முன்னால் எப்போதும் சரிசம எடைதான். பின்னால் மட்டும் 1986லிருந்து, பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியபோது, ஃப்ளைவீலில் எடை வந்தது. அளவிலும் ஆறு சொச்சம் அங்குலத்திலிருந்து எட்டு வரை பல விட்டங்கள் உண்டு. பெரியது போட்டால் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் டைமிங் பாயிண்டர் விட்டத்துக்கு ஏற்றது, பெரியதைப் போட்டால் பாயிண்டர் இடிக்கும். பெரிய பிளாக்கில் 396, 427 உள் சமன், 454 வெளிச் சமன். அந்த நண்பர் வாங்காமல் விட்டார்.

இனி மாட்டும் முறை. இதில் அவசரப்பட்டால் சரியான பொருளும் கெட்டுப்போகும்.

கழற்றும்போது மூன்று கொக்கி உள்ள புல்லரை வெளி வளையத்தில் மாட்டி இழுக்கவே கூடாது, ரப்பர் பிய்ந்துவிடும். ஹப்பில் இருக்கும் திருகுத் துளைகளில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர் தனியாகக் கிடைக்கிறது. இங்கே பல உதிரிபாகக் கடைகளில் முன்பணம் கட்டி எடுத்துவந்து, திரும்பக் கொடுக்கும்போது பணத்தை வாங்கிக்கொள்ளலாம். மாட்டும்போதும் அப்படியே. மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றுவது பரவலான பழக்கம். அந்த அடி கிராங்க் வழியாக, கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில்தான் போய் இறங்கும். கிராங்க் மூக்கில் முழுதாகத் திருகிய கம்பி, பேரிங், நட்டு கொண்ட இன்ஸ்டாலரை வைத்து மெதுவாக அழுத்தி ஏற்ற வேண்டும். கிராங்க் போல்ட்டையே வைத்து இழுத்து ஏற்றுவதும் வேண்டாம். ஆரம்பத்தில் அந்த போல்ட் சில சுற்று மரைதான் பிடித்திருக்கும், கிராங்கின் உள் மரை பிய்ந்தால் மொத்த வேலையும் வீண்.

அதற்கு முன் அளவெடுக்க வேண்டும். ஹப்பின் துளை கிராங்க் மூக்கைவிட ஒரு மயிரிழை சிறியதாக, ஏறத்தாழ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சரியான அளவு பேலன்சரோடு வரும் தாளில் இருக்கும். கையால் தள்ளினாலே உள்ளே போனால் அதை மாட்டக் கூடாது, ஹப் மூக்கில் ஆடி ஆடி இரண்டையும் தேய்த்துவிடும். அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் மெஷின் ஷாப்பில் ஹோன் செய்து, அதாவது தேய்ப்புக் கல்லால் சீராகத் தேய்த்து, தருவார்கள். நம் கையால் எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கக் கூடாது, வட்டம் கெட்டுவிடும்.

ஆயில் சீல் உரசும் ஹப்பின் மேற்பரப்பில் பழைய பேலன்சர்களுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும். மெல்லிய ரிப்பேர் ஸ்லீவ் அடித்துச் சரிசெய்யலாம். புது பேலன்சரில் இந்தத் தொல்லை இல்லை, சீலின் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும். ஹப்பைக் கிராங்கோடு பூட்டும் சாவித் துண்டு உட்காரும் சாவிப் பள்ளத்தில் சிறிது சிலிக்கோன் பசை வைக்க மறக்காதீர்கள். அந்த வழியாகத்தான் ஆயில் மெல்லக் கசிந்து வரும், சீல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். கிராங்க் போல்ட்டுக்கு ஃபோர்டு 302இல் 70 முதல் 90 அடி-பவுண்டு. தடித்த வாஷர் தவறாமல் வேண்டும்.

அப்புறம் டைமிங் கோடு. புது பேலன்சரின் பூஜ்யக் கோட்டை நான் அப்படியே நம்பவில்லை, ஏனென்றால் என்னிடம் இருந்தது ஒரு காலத்து கவர், இன்னொரு காலத்து கிராங்க். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் என்ற கருவியைத் திருகினேன். கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் சுற்றி, பிஸ்டன் தட்டி நின்ற இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே பாயிண்டருக்கு நேரே வரும்போதுதான் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. நகர்த்தக்கூடிய பாயிண்டர் ஒன்றை வாங்கி கவரில் பொருத்தி, அதன் முனையை அந்த இடத்தில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினேன். இந்த ஒரு வேலைக்கு மாலைப்பொழுது போனாலும் பரவாயில்லை. தவறான டைமிங்கில் நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடைவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதே வகைக் குழப்பம் ஸ்பார்க் பிளக் வயர்களிலும் இருந்தது. பழைய 302இல் எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8. 80களின் உயர்சக்தி 5.0 லிட்டரில் 1-3-7-2-6-5-4-8. வரிசையைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட்தான், இன்டேக் மேனிஃபோல்டில் வார்த்திருக்கும் எண்களைப் பார்த்து வயர் மாட்டினால் கார்ப்பரேட்டர் வழியே தீ கக்கும். எனக்கு 5.0 உயர்சக்தி கேம், எனவே இரண்டாவது வரிசை.

பெரியவர் சமன்செய்து கொடுத்த கிராங்கைப் போட்டு, புது பேரிங், புது 50 பேலன்சரோடு இன்ஜின் ஓடத் தொடங்கியது. 2500ஐத் தாண்டியபோது கியர் லீவர் அசையவில்லை. ஏர் கிளீனர் மூடியின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சாதாரண வி8இன் துடிப்பு மட்டும் இருந்தது. சமன்செய்யும்போது கிராங்கின் எதிர் எடைகளில் சிறு துளைகள் போட்டு எடை குறைத்திருந்தார். ஆகவே இந்தப் பேலன்சரும் ஃப்ளைவீலும் இப்போது இந்த கிராங்கோடு ஒரு குடும்பம். நாளைக்கு ஃப்ளைவீலை மாற்ற நேர்ந்தால், கடையில் வாங்கும் புது 50 ஃப்ளைவீலை நேரே மாட்டாமல், பழையதையும் புதியதையும் மெஷின் ஷாப்பில் கொடுத்து எடை ஒத்துப்போகும்படி செய்துதான் மாட்டுவேன்.

பேலன்சரின் ஹப்பிலிருந்து ரப்பரின் மேலாக வெளி வளையம் வரை ஒரே நேராக வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்திருக்கிறேன். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன், கோடு உடைந்து விலகியிருந்தால் வளையம் நழுவிவிட்டது என்று பொருள். இதுவரை நேராகத்தான் இருக்கிறது. வால்வு கவரின் உள்பக்கத்தில் எண்ணெய்க்கு அழியாத மார்க்கரால் பிளாக்கின் வருடம், 50 அவுன்ஸ் முன்னும் பின்னும், எரியும் வரிசை, பாயிண்டர் மாற்றியது, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து இதைத் திறப்பவர் 1970 மஸ்டாங் என்று கடையில் போய்ச் சொல்லாமல் இருக்க அது உதவும்.